அமாயூர்: உத்தரவுப்படி இடிக்கப்பட்டது

ஸ்பெயினின் வடக்கே, ஒருகாலத்தில் தனி அரசாக இருந்த நவார்ராவின் கிழக்கெல்லையில் உள்ள ஹவியெர் கோட்டைக்கு வருகிற தமிழர்களில் அநேகமாக எல்லாரும் சவேரியாருக்காகவே வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். 1506 ஏப்ரல் 7-ஆம் தேதி அவர் பிறந்த இடம் அது. அவர் பெயராக நாம் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் அந்தக் கோட்டையின் பெயர். கோட்டை இன்று நல்ல நிலையில் இருக்கிறது. சிற்றாலயத்தில் வால்நட் மரத்தில் செதுக்கிய சிலுவைநாதர் வேதனையின் நடுவே மெல்லச் சிரிக்கிறார். அவரைச் சுற்றியுள்ள சுவர்களில் எலும்புக்கூடுகள் ஆடுகின்றன. பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது என் மனத்தில் தங்கியது அவற்றில் எதுவும் அல்ல. போகிற போக்கில் காதில் விழுந்த ஒரு வருடம். 1516-ல் மேலிடத்து உத்தரவுப்படி இந்தக் கோட்டையின் கோபுரங்கள் பாதி உயரத்துக்குக் குறைக்கப்பட்டன, மதில்கள் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. நாம் அண்ணாந்து பார்க்கிற உச்சிகள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் திரும்பக் கட்டியவை. 1516-ல் அந்த வீட்டின் கடைக்குட்டிக்குப் பத்து வயது. நவார்ரா அரசவையின் தலைவராக இருந்த அவனுடைய தந்தை அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார்.

பாழடைந்த கோட்டை என்றவுடன் அதைக் காலத்தின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு வழக்கம். மழை பெய்தது, ஆலங்கன்று வேர் விட்டது, ஆள் அரவம் குறைந்தது, கல் சரிந்தது என்று சொல்லிவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. நவார்ராவில் அந்த வசதி கிடையாது. அங்குள்ள கோட்டைகளில் பலவற்றுக்குச் சிதைந்த தேதி உண்டு, சிதைக்கச் சொன்னவரின் பெயர் உண்டு, செய்து முடித்தவரின் பெயரும் உண்டு. 1512 ஜூலையில், அண்டை அரசான காஸ்தீலையும் அப்போது ஆண்ட அரகோன் மன்னர் பெர்டினாண்டு அனுப்பிய ஆல்பா கோமகனின் படை நவார்ராவுக்குள் நுழைந்தது. அந்த மாதம் 25-ஆம் தேதி தலைநகரான பம்ப்லோனா பணிந்தது. 1515-ல் அந்த அரசு காஸ்தீல் மகுடத்தோடு இணைக்கப்பட்டது. மறு ஆண்டு ஜனவரியில் பெர்டினாண்டு இறந்ததும், நாட்டை இழந்த அரச குடும்பம் அதைத் திரும்பப் பிடிக்க முயன்று தோற்றது. அப்போது காஸ்தீலை ஆட்சிப் பொறுப்பாளராக இருந்து நடத்திய கார்டினல் சிஸ்னேரோஸ், இனி அப்படி ஒரு முயற்சியே எழக் கூடாது என்பதற்காக, நவார்ராவின் கோட்டைகளையும் மதில்களையும் இடித்துத் தள்ளச் சொன்னார். அந்த வேலையை முன்னின்று நடத்திய தளபதி வில்யால்பா அவருக்கு எழுதிய கடிதத்தில், மதில்களை வீழ்த்தச் சொன்ன நாளிலிருந்து இந்த நாட்டில் தலைநிமிர்கிற மனிதன் ஒருவனும் இல்லை என்று மனநிறைவோடு தெரிவிக்கிறார். கட்டடத்தை இடித்ததன் நோக்கம் கட்டடம் அல்ல என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அதிகாரிகள் குறைவு.

இதில் வெளியாரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பம்ப்லோனாவுக்கு அருகே மலையுச்சியில் இருந்த இருலேகி கோட்டையை 1494-ல் இடிக்கச் சொன்னவர்கள் நவார்ராவின் சொந்த அரசர்களே. உள்நாட்டுச் சண்டையில் எதிர்க்கட்சியான லெரின் பிரபுவின் கைக்கு அது போய்விடக் கூடாது என்பது காரணம். (அந்தக் கோட்டையின் அடிவாரத்தில் தோண்டியபோதுதான் 2021-ல் எழுத்துப் பொறித்த வெண்கலக் கை கிடைத்தது, கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது வேறு கதை.) ஹவியெரில் இடிந்தது மறைந்துவிட்டது, திருத்தமாகக் கட்டி முடித்துவிட்டார்கள். இடித்ததை இடித்தபடியே பார்க்கக்கூடிய இடம் எது என்று கேட்டேன். பம்ப்லோனாவில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, யோசிக்காமல் அமாயூர் என்றாள். அங்கே சவேரியாரின் அண்ணன் ஒருவர் முற்றுகையில் சிக்கியவர் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

மலைக்கு அந்தப் பக்கம்

பம்ப்லோனாவிலிருந்து வடக்கே போகிற சாலை பெலாத்தே கணவாயைக் கடந்து பஸ்தான் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. கணவாய்க்குத் தெற்கே கோதுமை வயல்களும் வறண்ட வானமும். வடக்கே இறங்கியவுடன் ஈரம். பச்சை என்று சொன்னால் போதாது, மழை நின்ற பிறகும் மேய்ச்சல் நிலங்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கிற பச்சை. இலையுதிர்காலம் தொடங்கியிருந்ததால் சரிவுகளில் பெரணிச் செடி துருவின் நிறத்துக்கு மாறியிருந்தது; ஆடுமாடுகளுக்குப் படுக்கையாக விரிப்பதற்கு அதை அறுத்துக் குவிப்பது அங்கே பழைய வழக்கம். வீடுகள் பெரியவை. மூலைக்கற்களும் சன்னல் சட்டங்களும் செந்நிற மணற்கல்லில், சுவர் வெள்ளைச் சுண்ணத்தில், வாசல் மேலே குடும்பச் சின்னம். அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் அனைவரும் மேன்குடியினர் என்று 15-ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பு பெற்றவர்கள். எனவே மாட்டுத் தொழுவம் கீழ்த்தளத்தில் இருந்தாலும் சின்னம் வாசலில் இருக்கும்.

கணவாயில் வண்டியை நிறுத்தி, தோழி ஒரு கதை சொன்னாள். அவள் கிபுஸ்கோவா மாநிலத்தைச் சேர்ந்தவள், தாய்மொழி பாஸ்க். 1512 டிசம்பரில், தலைநகரை மீட்க வந்து முடியாமல் திரும்பிய நவார்ரா தரப்புப் படையின் பீரங்கிகளை இந்தப் பெலாத்தேயில் வழிமறித்துப் பிடித்தவர்கள் கிபுஸ்கோவாக்காரர்கள். அதற்குப் பரிசாக அந்தப் பீரங்கிகளைத் தங்கள் மாநிலச் சின்னத்திலேயே பொறித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அவை அங்கே இருந்தன. 1979-ல் எடுத்துவிட்டார்கள். “ஒரே மொழி பேசுகிறவர்களைத் தோற்கடித்த பெருமையைச் சின்னத்தில் வைத்திருந்தோம், பிறகு அது வெட்கமாகிவிட்டது, அழித்துவிட்டோம். என் பாட்டி வீட்டுப் பழைய தட்டு ஒன்றில் மட்டும் பீரங்கிகள் இன்னும் இருக்கின்றன, அதில் ஆலிவ் காய் வைப்பார்கள்” என்றாள்.

அமாயூர் ஒற்றைத் தெரு ஊர். நுழைகிற இடத்தில் ஒரு கல் வளைவு, அருகே ஓடையில் சுற்றுகிற பழைய மாவு ஆலை, பிறகு இருபுறமும் செங்கல் நிற மணற்கல் வீடுகள். பிரான்சின் பயோன் நகரத்திலிருந்து பம்ப்லோனா நோக்கி நடக்கும் யாத்திரிகர்கள் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறார்கள். ஊர்ப் பெயர் ‘ஊர்’ என்று முடிவதைக் கண்டவுடன் பாஸ்க் மொழிக்கும் தமிழுக்கும் தொப்புள்கொடி உறவு கண்டுபிடிக்கக் கிளம்புகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களை இத்துடன் வணங்கி வழியனுப்பிவிடுகிறேன்.

தெருவின் மேல்முனையைத் தாண்டினால் குன்றுக்கு ஏறும் பாதை. ஏற்றம் பெரியதல்ல, ஆனால் சேறு. மேலே போய்ச் சேர்ந்ததும் கோட்டை என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படாது. முதலில் தெரிவது ஒரு நெடிய கல் தூண். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தூணைச் சுற்றிலும் புல்லுக்குள் இடுப்பளவும் ஆளுயரமுமாகச் சுவர்கள். 21-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அரன்சாதி அறிவியல் கழகத்தினர் தொடங்கிய அகழாய்வு, கோடைதோறும் தன்னார்வலர்களின் உதவியோடு இவற்றை வெளியே கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முன்பு இந்த இடம் வெறும் மண்மேடு. மேட்டுக்குள் கோட்டை இருந்தது. ஒரு சுவரருகே குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தேன். வெளிமுகத்தில் கற்களைத் துல்லியமாகச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள், இடுக்கில் நகம் நுழையாது. உள்ளே, இரு முகங்களுக்கும் இடைப்பட்ட வயிற்றில், கைக்குக் கிடைத்த உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மழைநீர் இறங்காமலிருக்க, தொல்லியலாளர்கள் சுவரின் மேல்விளிம்பில் புதிய சாந்து பூசியிருந்தார்கள். அதன் வெளிர்நிறத்தால் பழையது எங்கே முடிகிறது, நம் காலத்து வேலை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொட்டுச் சொல்லிவிட முடிகிறது. ஹவியெரில் அந்த எல்லையை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இடிந்ததைப் பாதுகாப்பதற்கும் இடியாததுபோல் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடு அந்த விரற்கடைச் சாந்தில் இருக்கிறது என்று தோன்றியது. கோபுரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் எதிர்த்துக் கையெழுத்துப் போட நான் தயார்.

இங்கே நடந்தது சுருக்கமாக இதுதான். 1521-ல் பிரெஞ்சு அரசின் துணையோடு நவார்ராவை மீட்க ஒரு பெரிய முயற்சி நடந்து, ஜூன் 30 அன்று நொவாயின் என்ற இடத்துப் போர்க்களத்தில் தோல்வியில் முடிந்தது. அந்த இலையுதிர்காலத்தில் பொன்னிவேயின் தலைமையில் வந்த இன்னொரு பிரெஞ்சு, நவார்ரா படை அமாயூரைக் கைப்பற்றி, ஹைமே வேலஸ் தெ மெத்ரானோ என்பவரின் பொறுப்பில் சுமார் இருநூறு பேரைக் கோட்டையில் விட்டுச் சென்றது. மறு ஆண்டு ஜூலையில் நவார்ராவின் ஆளுநராயிருந்த மிராண்டா பிரபு பல ஆயிரம் பேரோடும் பீரங்கிகளோடும் வந்து சுற்றி வளைத்தார். மதில்களுக்கு அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 1522 ஜூலை 19 அன்று கோட்டை பணிந்தது. ஹைமேயும் அவர் மகன் லூயிஸும் பம்ப்லோனாச் சிறையில் இரண்டு வாரங்களுக்குள் இறந்தார்கள். நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை உண்டு. அவர்களோடு பிடிபட்டவர்களில் ஒருவர் மிகெல் தெ ஹாஸோ, சவேரியாரின் மூத்த அண்ணன். அவர் பெண் வேடமிட்டுச் சிறையிலிருந்து தப்பினார் என்று சொல்கிறார்கள். தப்பியவர், இன்னொரு சகோதரர் ஹுவானும் போரிட்டுக்கொண்டிருந்த ஹொந்தாரிபியா கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1524-ல் அதுவும் விழுந்த பிறகு இருவருக்கும் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு தம்பி படிப்பதற்காகப் பாரிஸுக்குப் போய்விட்டான்.

தூண்

அந்தத் தூணை 1922-ல், முற்றுகையின் நானூறாவது ஆண்டில், நவார்ராவின் விடுதலைக்காக இங்கே போரிட்டவர்களின் நினைவாக நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. கோட்டையைக் காத்தவர்கள் தம் நாட்டு அரசரின் உரிமைக்காக நின்ற விசுவாசிகள் என்றார் ஆர்த்துரோ காம்பியோன். பிரெஞ்சுக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்ட துரோகிகள் என்றார் விக்தோர் பிராதேரா. இருவரும் பம்ப்லோனாவில் பிறந்தவர்கள், இருவரும் நன்றாக எழுதக்கூடியவர்கள், எனவே பத்திரிகைகளுக்குத் தீனிப் பஞ்சம் இருக்கவில்லை. 1931 ஜூலையில் ஓர் இரவில் யாரோ தூணை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1522-ல் மதிலுக்கு வைத்தது போதாதென்று, அதை நினைவில் வைத்திருந்ததற்கும் வெடி. அரை நூற்றாண்டு கழித்து, 1982-ல், தூணைத் திரும்ப எழுப்பினார்கள். ஆக, சிதைந்த கோட்டையின் நடுவே நிற்கிற நினைவுச்சின்னமே ஒருமுறை சிதைந்து எழுந்தது. இந்தக் குன்றில் கல்லைவிட உறுதியாக நிலைத்திருப்பது வாக்குவாதம்தான்.

தோழிக்கு இந்தத் தூணின்மேல் பெரிய பற்று இல்லை. அவளுடைய கணக்கு எளிமையானது. முற்றுகையிட்ட பக்கத்திலும் நவார்ராக்காரர்கள் இருந்தார்கள். நாட்டின் இரு பெரும் கட்சிகளான அக்ரமோந்து, பொமோந்து அணிகளில் பின்னது தொடக்கத்திலிருந்தே காஸ்தீலோடு நின்றது. உள்ளே இருந்தவர்களை நிறுத்திவிட்டுப் போனது பிரெஞ்சுப் பணம். மதிலின் இருபுறமும் ஒரே மொழியில் வசை கேட்டிருக்கும். 1521 மே மாதம் பம்ப்லோனாவைக் காஸ்தீலுக்காகக் காத்து நின்று காலில் குண்டடி பட்டவர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய கிபுஸ்கோவாவின் லொயோலா இஞ்ஞாசியார். அவரைத் தாக்கிய தரப்பில் இருந்தவர்கள் சவேரியாரின் அண்ணன்மார். எட்டு ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் இஞ்ஞாசியாரும் சவேரியாரும் ஒரே அறையில் தங்கினார்கள். அந்த அறையில் முதல் சில இரவுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, இயேசு சபையின் வரலாற்றில் பாதியைக் கொடுக்கலாம்.

இறங்குவதற்கு முன் அவள் தெற்கே கைகாட்டி, அந்தப் பக்கம் அரிஸ்குன், அதன் ஒரு பகுதி பொசாத்தே என்றாள். அகோத்துகள் எனப்பட்ட மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த குடியிருப்பு அது. கோவிலில் அவர்களுக்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. மற்றவர்கள் அவர்களோடு மணவுறவு கொள்ள மாட்டார்கள். காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை, ஒன்றும் நிலைக்காது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நவார்ராவின் சட்டம் அந்த வேற்றுமையை நீக்கியது, வழக்கம் போவதற்கு இன்னும் நாளாயிற்று. இந்தச் செய்தியைக் கேட்டு ஒரு தமிழ்நாட்டுக்காரருக்கு என்ன தோன்றும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. விடுதலைத் தூணின் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று அளந்து பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

1545

குன்றின் தென்கிழக்கே இன்னொரு சிற்றூரைக் காட்டினாள். அஸ்பில்குவேட்டா. சவேரியாரின் தாய் மரியா தெ அஸ்பில்குவேட்டாவின் குடும்பம் அந்த ஊரிலிருந்து வந்தது. அமாயூரில் அண்ணன் சண்டையிட்டது ஏதோ தொலைதூர எல்லையில் அல்ல, தாய்வழிப் பாட்டனாரின் மண்ணில். அவர்கள் வீட்டில் பேசியது இந்தப் பள்ளத்தாக்கின் மொழி. அதைச் சவேரியாரே எழுதியிருக்கிறார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமிலுள்ள தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், முத்துக்குளித்துறை மக்கள் பேசுவது தனக்கும், தான் பேசுவது அவர்களுக்கும் புரியவில்லை, அவர்களுடைய தாய்மொழி மலபார், என்னுடையது பாஸ்க் என்கிறார். மலபார் என்று அக்காலத்து ஐரோப்பியர் சொன்னது நம் தமிழைத்தான். இரண்டும் தெரிந்தவர்கள் கிடையாது என்பதால், நடுவே இன்னொரு மொழியை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். அந்தக் கடிதத்தை நான் முன்பு பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அவர்மேல் பிரியம் கூடியிருக்கிறது.

அந்தச் சுவரருகே நின்றபோது நினைவுக்கு வந்தது அந்தக் கடிதம் அல்ல, அதற்கு அடுத்த ஆண்டுக் கடிதம். 1545 ஜனவரியில், திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததை விவரிக்கிற இடம். ஊரார் அனைவருக்கும் திருமுழுக்கு முடிந்ததும், அவர்கள் தெய்வங்களை வைத்திருந்த வீடுகளை இடிக்கச் சொல்வதாகவும், விக்கிரகங்களைச் சுக்குநூறாக உடைக்கச் செய்வதாகவும் எழுதிவிட்டு, முன்பு அவற்றை வணங்கிய கைகளே அவற்றை உடைப்பதைக் காண்கையில் தனக்கு உண்டாகும் ஆறுதலைச் சொல்லி முடியாது என்கிறார். ஒரு கார்டினலின் உத்தரவுப்படி தன் வீட்டின் கோபுரங்கள் இறக்கப்பட்டபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர், தன் அண்ணன் நின்ற மதிலுக்கு அடியில் வெடி வைக்கப்பட்டதைப் பதினாறு வயதில் கேள்விப்பட்டவர், உலகின் மறுகரையில் போய் இடிக்க உத்தரவு போட்டார். அதில் ஆறுதலும் கண்டார். இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்த செய்திகளே. அமாயூரில்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன. என் அம்மாவின் ஊர் அந்தக் கரையில் இருக்கிறது. சவேரியார் கண்ட அந்தக் கைகளில் எங்கள் வீட்டாரின் கைகளும் இருந்திருக்கலாம்.

நியாயம் பேசத் தெரியாமல் இல்லை. அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1530-களில், பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றுவிட்டார்கள். அவர் தொடங்கி வைத்த மாற்றம் அல்ல அது. 1544 ஜூனில் வடுகப் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடி, மக்கள் குமரிமுனைப் பாறைகளில் போய் ஒண்டிக் கிடந்தபோது, மணப்பாட்டிலிருந்து தோணிகளில் சோறும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர் அவர். எதிர்க்காற்றால் தோணி போக முடியாமல் போனதும் கரைவழியே நடந்து போனார். அந்த மக்களைச் சுரண்டிய போர்த்துக்கீசியத் தலைவர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பவை காரமானவை. கோட்டை என்பது போர்க்கருவி, அதை இடிப்பதும் தெய்வத்தின் குடிலை இடிப்பதும் ஒன்றல்ல என்றும் வாதிடலாம்; ஆனால் அந்த வாதம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்தால், சவேரியாருக்கு அனுகூலமாகச் சாயாது. பீரங்கி வைத்த மதிலுக்கு இடிபடும் ஆபத்து அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கடலுக்குப் போகிற ஒருவன் கும்பிட்டுவிட்டுப் போன கல் யாரையும் சுட்டதில்லை.

ஆலைக்குத் திரும்பி வந்து, சூடான தாலோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தாலோ என்பது மக்காச்சோள மாவை நீர்விட்டுப் பிசைந்து, கையால் தட்டி, இரும்புத் தட்டில் சுட்ட ரொட்டி. உள்ளே ஆட்டுப்பால் சீஸை வைத்து மடித்துக் கொடுப்பார்கள், ஓரம் கருகியிருந்தால்தான் ருசி. நான் மனத்தில் இருந்ததைச் சொன்னேன். தோழி அதிர்ச்சி எதுவும் அடையவில்லை. “இடிபட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இரக்கத்தைக் கற்றுக்கொண்டு வெளியே வரும் என்று ஏன் எதிர்பார்க்கிறாய்? எப்படி இடிப்பது என்பதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கலாம். தவிர, அவர் கோட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் உத்தரவு வாங்கிப் பழக்கமில்லை, போட்டுத்தான் பழக்கம். பாரிஸில் மாணவராக இருந்தபோதுகூட, தன் மேன்குடிப் பிறப்பை உறுதிசெய்து சான்று தரக் கேட்டு 1531-ல் விண்ணப்பித்தவர்தானே” என்றாள். அந்தச் சான்று 1536-ல் வந்தது. அதற்குள் அவருக்கு அது தேவைப்படவில்லை.

அவள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வில்யால்பாவின் கடிதத்தையும் 1545 கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், தொனியில் ஓர் ஒற்றுமை இருக்கவே செய்கிறது. வேலை முடிந்தது, பலன் தெரிகிறது என்று மேலிடத்துக்குத் தெரிவிக்கிற தொனி. ஆனால் குடும்பத்தின் தோல்வியிலிருந்து அவர் கற்றது அது மட்டும்தான் என்றால், பாறைகளில் ஒண்டியவர்களைத் தேடி நடந்த அந்த நடையை எங்கே வைப்பது? வடுகர்களிடமிருந்து தப்பியவர்களைக் கண்டதும் அவருக்கு நவார்ரா நினைவு வந்திருக்காதா? வந்திருந்தால், சில மாதங்கள் கழித்து அடுத்த கரையில் குடில்களை இடிக்கச் சொன்னபோது ஏன் வரவில்லை? தன் வீட்டுக்கு நேர்ந்தது அநியாயம், தான் செய்வது மீட்பு என்று அவர் உறுதியாக நம்பினார் என்பதே நேர்மையான பதிலாக இருக்கும். சிஸ்னேரோஸும் அமைதிக்காகச் செய்கிறோம் என்றே நம்பியிருப்பார். இதை எழுதும்போதும் எனக்குச் சவேரியார்மேல் உள்ள பிரியம் குறையவில்லை. இது என்னை எரிச்சல்படுத்துகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அமாயூரில் இடித்தவர்கள் அடித்தளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். எனவே அங்கே தோண்ட இடம் இருக்கிறது, நிறுத்தத் தூண் இருக்கிறது, தூணை வெடிவைக்கும் அளவுக்கு வெறுப்பவர்களும் திரும்ப நிறுத்தும் அளவுக்கு நேசிப்பவர்களும் இருக்கிறார்கள். தோற்றவர்களுக்கும் ஒரு குன்று கிடைத்துவிட்டது. குமரிக் கரையில் 1544-ன் கடைசியில் உடைந்தவற்றுக்கு ஒரு மேடு இல்லை, அகழ்வாரும் இல்லை. ஓலையும் மரமும் மணலில் நட்ட கல்லுமாக இருந்தது எதையும் கடல் காற்று விட்டுவைக்காது. அவை இருந்தன என்பதற்கு எனக்குத் தெரிந்த சான்று, அவற்றை இடிக்கச் சொன்னவரின் கடிதம் மட்டுமே. அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எழுதுறதுன்னா எழுது. கோட்டாத்துத் திருவிழா கழிஞ்சு எழுது” என்றார். கோட்டாறு சவேரியார் கோவிலில் நடப்பது, டிசம்பர் 3-க்குக் குமரி மாவட்டம் முழுவதும் விடுமுறை விடுகிற திருவிழா அது. அவருடைய கவலை புரிந்துகொள்ளக் கூடியதே. அவர் சொன்னபடியே காத்திருந்து எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். ஹவியெர் கோட்டையில், 1516-ஐப் பற்றி வருகிறவர்களுக்குச் சொல்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, 1545 கடிதத்தின் அந்தப் பத்தியையும் தமிழில் ஒருமுறை, பாஸ்கில் ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். யாரையும் பழிப்பதற்காக அல்ல. அந்த இரண்டு மொழிகளின் மக்களும் அந்தக் கதையில் இடிபட்ட பக்கம் இருந்தவர்கள், இடித்த பக்கமும் இருந்தவர்கள். புனிதரின் பெருமைக்குக் குறைவு வந்துவிடும் என்று தோழி ஐயப்பட்டாள், சுற்றுலாத் துறையினர் ஒப்ப மாட்டார்கள் என்றும் சொன்னாள். கார்டினல் ஒருவர் கோட்டையை இடிக்கச் சொன்னார் என்பதை அங்கே பல ஆண்டுகளாக ஒளிக்காமல் சொல்லிவருகிறார்கள். அதனால் மார்ச் மாதம் அங்கே நடந்து வருகிற யாத்திரிகர்களின் கூட்டம் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை.